உம்மா வீட்டுப் பக்கம் ஓடும் மகனுக்கு

மகனே, உனக்கும் மருமகள் றிஸ்னாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். போன வாரம் நீ தொலைபேசியில், "வாப்பா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் உன் உம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, சாப்பிட்டாயா, அங்கே மழையா, மாமிக்கு முழங்கால் நோவு எப்படி என்று கேட்டு, முடித்து வைத்தும் விட்டாள். எனக்குச் சொல்ல இருந்தது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. போன வருசமாக இருந்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு நூலகத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் நான் தமிழ் எழுத்துப் படித்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகிறது. பரவாயில்லை. எழுதிக்கொண்டிருக்கிறவனின் பேச்சை இடையில் வந்து யாரும் பறிக்க முடியாது என்பதை இந்த வயதில் கண்டுபிடித்து, மிகவும் சந்தோசமாக இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. எங்கள் வகுப்பு ஆட்கள் எழுதுவதை ஒட்டி வைக்க நூலகச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஒரு பிரதி அதில் ஒட்டப்படும். மற்றதை உனக்கு மடிக்காமல் அனுப்புகிறேன். உன் மாமா வாசிக்கலாம். மாமி வாசிக்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மரைக்கார் கட்டாயம் வாசிக்க வேண்டும். பலகையைப் பார்க்கிறவர்களில் வெளியூர் ஆட்களும் இருப்பார்கள் என்பதால் விசயத்தை முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததைத்தானே சொல்கிறார் என்று சலிக்காதே.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் அப்படித்தான் இந்தச் சாய்ந்தமருதில் உன் உம்மாவின் வளவுக்குள் வந்தவன். நீ இங்கே பிறந்து, வரிப்பத்தான்சேனையில் கலியாணம் முடித்து, போன பெருநாளுக்குப் பிறகு அங்கே போனாய். அங்கே வயல், இங்கே கடல். புது மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு வேலைதான்: சாப்பிடுவது. காலையில் இடியப்பமும் கோழியும், பத்து மணிக்குப் பலகாரம், பகலைக்கு ஆறு கறி. மாப்பிள்ளையின் கன்னம் உப்பினால் பெண்ணின் உம்மாவான மாமிக்குப் பெருமை. கன்னம் ஒட்டினால் ஊர் மாமியைத்தான் கேட்கும். நீ வயிறு நிறையச் சாப்பிட்டாய், அதில் குறை இல்லை. ஆனால் உனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நெடுந்தூரம் ஓடும் பழக்கம். கடற்கரை ஈர மணலில் மருதமுனை வரைக்கும் ஓடித் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பாய். உன் கூட்டாளிமாரும் நீயும் சேர்ந்து, உன் மாமி வீட்டுக்குக் கிட்ட இருக்கும் இறக்காமம் குளக்கட்டில் இருந்து வயல் வழியாக எங்கள் கடற்கரை வரைக்கும் ஒரு ஓட்டப் பாதை கண்டுபிடித்தீர்கள். நெல் வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு எல்லாரும் சேர்ந்து அதில் ஓடுவது என்று பேச்சு. அதற்கு முன்னம் நீ தனியாக ஒருமுறை ஓடிப் பார்க்கப் புறப்பட்டாய். அதில்தான் எல்லாம் தொடங்கியது.

அன்று காலை நான் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேன் வந்து நின்றது. உன் மாமா இறங்கினார், மாமி இறங்கினாள், பிறகு அந்த ஊர்ப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் இறங்கினார். மரைக்கார் ஒரு வீட்டுக்கு அந்த நேரத்தில் வந்தால் அது நல்ல சேதி அல்ல. மாமி வந்ததும் வராததுமாக உன் உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"மச்சி, நாங்க என்ன குறை வெச்ச? சொல்லுங்க மச்சி. என்ன குறை வெச்ச?"

"அல்லாஹ்வே, ஆருக்கு என்ன நடந்த?" என்றாள் உன் உம்மா.

"மருமகன் எங்க?" என்று உன் மாமா என்னிடம் கேட்டார்.

"அவர் உங்கட ஊட்டத்தானே இரிக்கணும்?" என்றேன்.

மரைக்கார் தொண்டையைச் செருமினார். "பால்காரன் கண்டிரிக்கான். சுபஹ் தொழுகை முடிஞ்ச கையோட, வாய்க்கால் ரோட்டால, கடல் பக்கம் பாத்துப் போறாராம். முதுகுல ஒரு பேக். என்ன மாப்பிள்ள எண்டு கேட்டதுக்கு நிக்கவுமில்லயாம். கைய மட்டும் காட்டினாராம்."

"பேக்குல என்ன?" என்றாள் உன் உம்மா.

"உடுப்புத்தான், வேறென்ன?" மாமி இன்னும் பலமாக அழுதாள். "ராவு கோழி ஆக்கினன் மச்சி. கால் துண்டு ரெண்டையும் அவருக்குத்தான் வெச்சன். ஒண்டத் திண்டுட்டு ஒண்ட வெச்சிட்டார். அப்பயே எனக்கு மனசு சொன்ன, என்னமோ கோவம் இரிக்கெண்டு."

வெளியூர் ஆட்களுக்கு விளங்க இதையும் எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் ஒரு புது மாப்பிள்ளை விடியற்காலையில், தனியாக, பையோடு, தன் உம்மாவின் ஊர்ப் பக்கமாகப் போகிறான் என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான். கோவித்துக்கொண்டு போகிறான். மனைவியோடு கோவம், அல்லது மாமியின் சோற்றோடு கோவம். பால்காரன் நீ ஓடுவதைப் பார்க்கவில்லை, மகனே. நீ எந்தப் பக்கம் பார்த்து ஓடினாய் என்பதைத்தான் பார்த்தான்.

நாங்கள் அப்படி நிற்கும்போது நீ கடற்கரைப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையால் வந்தாய். முழங்கால் வரைக்கும் மணல், முகம் சிவந்து, வாய் கொள்ளாத சிரிப்பு. மாமாவைக் கண்டதும் ஸலாம் சொல்லி, "மாமா, நீங்களும் வந்துட்டீங்களா? வழி நல்லா இரிக்கி மாமா! துருசடியில தாமரை பூத்துக் கிடக்கு!" என்றாய். தாமரையைப் பற்றிக் கேட்க அங்கே யாரும் வந்திருக்கவில்லை.

"றிஸ்னாவோட என்ன கோவம், மனே?" என்று மாமி கேட்டாள்.

"கோவமா? அவதானே மாமி பேக்குல தண்ணிப் போத்தல வெச்சுத் தந்த!"

மரைக்கார் பையைத் திறக்கச் சொன்னார். தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் பேரீச்சம்பழம், ஒரு அவித்த முட்டை. மாமி அந்த முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் வீட்டுக் கோழியின் முட்டை என்று கண்டுகொண்டிருப்பாள். அழுகை நின்றது. நான் சிரித்துவிட்டேன். சிரித்தது நான் ஒருவன்தான். மரைக்கார் சொன்னார், கோவம் இல்லை என்பது நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது, இரண்டு ஊரிலும் கதை பரவியாயிற்று, ஆனபடியால் மாப்பிள்ளை இனி இந்த ஓட்டத்தை விடுவதுதான் மரியாதை என்று. "ஓடட்டுமே, அதால ஆருக்கு நட்டம்?" என்று நான் சொன்னேன். உன் உம்மா என் முதுகில் கிள்ளினாள். நீ கிள்ளலைக் காணவில்லை, நான் சொன்னதை மட்டும் கேட்டாய் என்று நினைக்கிறேன். பிறகு நீ அவர்களோடு வேனில் ஏறிப் போனாய்.

இப்போது மரைக்கார் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார் என்று தொலைபேசியில் சொன்னாய். உன் கூட்டாளிமார் பாதையைத் திருப்பிவிடச் சம்மதித்தார்களாம். கடற்கரையில் தொடங்கி, குளக்கட்டில் முடிப்பது. "பொண்சாதி ஊட்டுப் பக்கம் ஓடி வாற மாப்பிள்ளைய ஆரு குறை சொல்லப் போறாங்க?" என்று மரைக்கார் கேட்டாராம். குளக்கட்டில் பந்தல் போட்டு மாலையும் போடுவார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை. அங்கிருந்து இங்கே, கடல் பக்கம் பார்த்து, நீ இனி ஒருநாளும் ஓடக்கூடாது. இதற்குச் சம்மதிப்பதா, அல்லது ஓட்டத்தையே விடுவதா என்றுதான் என்னிடம் கேட்டாய். ஓடப் போடும் சப்பாத்தை அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லும்போது உன் குரல் சளி பிடித்தவனின் குரல் போல இருந்தது. உனக்குச் சளி இல்லை என்று எனக்குத் தெரியும்.

பதில் எழுத முன்னம் பாதையைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நான் மீன் வியாபாரி. கை கால் பலம் இருந்த காலமெல்லாம் சைக்கிளில் பெட்டி கட்டி, இந்தக் கடற்கரை மீனை இறக்காமம் வரைக்கும் கொண்டுபோய் விற்றவன். அந்த வழியில் நான் எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஒரு தடவையும் அந்த வழியை நான் பார்த்ததில்லை. போகும்போது ஐஸ் உருகுமே என்ற பயம், வரும்போது பசி. ஆகவே இந்த வாரத் தொடக்கத்தில் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு இறக்காமம் போய் இறங்கி, குளக்கட்டில் இருந்து கடல் பக்கமாக, நீ ஓடிய அதே போக்கில், மெதுவாக மிதித்து வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் மாமி சாப்பிட வைப்பாள், பிறகு மிதிக்க முடியாது.

நல்ல வழி, மகனே. கட்டில் ஏறியதும் குளம் முழுக்க ஒரே வெளிச்சம். தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. கட்டுக்கு மேலே நல்ல கிறவல் ரோட்டு, காலுக்கு மெத்தென்று இருக்கும். மேற்கே தூரத்தில் மலைகள் நீலமாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. அந்த மலைகளை நான் மீன் விற்ற காலத்தில் கண்டதாகவே நினைவு இல்லை. கட்டு முடியும் இடத்தில் ஒரு பலகை. முன்பெல்லாம் அது எனக்குச் சைக்கிள் சாத்தி வைக்கும் ஒரு பலகை, அவ்வளவுதான். இப்போது நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். யானைகள் கடக்கும் இடம் என்று இருந்தது. இத்தனை காலமும் நான் மீன் பெட்டியோடு ஆறுதலாக நின்று வெற்றிலை போட்ட இடம் அது! இந்த ஒரு விசயத்தில் மட்டும் வீரம் காட்டாதே. விடிய முன்னம் அந்த இடத்தைத் தாண்ட வேண்டாம். வயல் காவல்காரர்களிடம், ராத்திரி யானை எந்தப் பக்கம் இறங்கியது என்று கேட்டுவிட்டு ஓடு.

துருசடியில், குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்குள் பாயும் இடத்தில், நீ சொன்ன தாமரை இன்னும் பூத்திருந்தது. குளிக்கத் தடை என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்தப் பலகையில் சாரனைத் தொங்கவிட்டு நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வாய்க்கால் ரோட்டு. இரண்டு பக்கமும் வட்டை வட்டையாக வேளாண்மை, கதிர் தள்ளும் பருவம். காற்று அடிக்கும்போது வயல் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு ஆறுதலாக எழும்புகிறது. மருத மரங்களின் நிழல் விட்டு விட்டு விழுகிறது. நீ ஓடும்போது வெயிலுக்குள்ளும் நிழலுக்குள்ளும் மாறி மாறிப் போயிருப்பாய். அதில் ஒரு சுகம் இருக்கிறது. சைக்கிளிலேயே எனக்குத் தெரிந்தது. ஒரு வளைவில் எருமைகள் வாய்க்காலுக்குள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன. அவை என்னைப் பார்த்தன. நான் அவற்றைப் பார்த்தேன். யாருக்கும் அவசரம் இல்லை.

தேநீர்க் கடையடியில் என்னை அடையாளம் கண்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"மீன்காக்கா! என்ன, பெட்டி இல்லாம?"

"பாதை பாக்க வந்த," என்றேன்.

"ஓ, உங்கட மகன்தானே அந்த மாப்பிள்ள! என்ன காக்கா, சோறு சரியில்லையா, பொண்ணு சரியில்லையா?"

"சோறும் நல்லம், பொண்ணும் நல்லம். அவனுக்குக் காலும் நல்லம்," என்றேன். "உங்களுக்குத்தான் கண் சரியில்ல."

சிரித்தார்கள். ஒருவன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். கெட்ட மனிசர்கள் இல்லை. ஆனால் நான் சைக்கிளில் ஏறும்போது வயதான ஒருவர், என் வயது இருக்கும், கிட்ட வந்து சொன்னார்: "காக்கா, நான் பகிடிக்குக் கேக்கல்ல. ஒரு மனிசன் ஓடுறதக் கண்டா நமக்கு நெஞ்சு பதறுது. நாம அப்பிடிப் பழகிப் போனம்."

அந்தச் சொல்லைத்தான் நான் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது சரி. எங்கள் வயதுக்காரர்கள் ஓடியிருக்கிறோம், மகனே. ஒருவரும் சும்மா ஓடவில்லை. வெடிச் சத்தம் கேட்டு ஓடினோம். ஊர் எரிகிறது என்று கேட்டு ஓடினோம். கடல் எழும்பி வந்த காலையில் எல்லாரும் ஓடினோம். அன்று நீ என் தோளில் இருந்தாய். உன் கால்கள் என் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தன. உன் உம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு, மேற்கே பார்த்து, காரைதீவுச் சந்தி தாண்டி, வயல்கள் வரும் வரைக்கும் ஓடினோம். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தவர்களைப் பற்றி நான் எழுத மாட்டேன். பிறகு எவ்வளவோ காலம், கடல் பக்கமாக நடக்கும்போது கூட என் கால் தானாகவே மெதுவாகும். மீன் எடுக்கப் போய்த்தானே ஆக வேண்டும், போனேன். ஆனால் ஆசைப்பட்டுப் போனதில்லை.

இப்போது யோசித்துப் பார். மரைக்கார் உனக்கு அனுமதி தரும் பக்கம் எது? கடலில் இருந்து மேற்கே. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய அதே பக்கம். அந்தப் பக்கம் இந்த ஊரில் எல்லாரும் ஓடிவிட்டார்கள். கிழவிகள் ஓடினார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் ஓடினார்கள். அதற்கு யாரும் மாலை போடவில்லை. அவர் தடுக்கும் பக்கம் எது? வயலில் இருந்து கடல் பார்த்து. எனக்குத் தெரிந்து இந்த ஊர்களில் கடலைப் பார்த்து, ஒரு காரணமும் இல்லாமல், சிரித்துக்கொண்டு ஓடி வந்த ஆள் நீ ஒருவன்தான். அன்று ஒழுங்கையால் மணல் காலோடு நீ வந்தபோது நான் சிரித்தது முட்டைக்காக மட்டும் இல்லை. கடல் பக்கம் போவதில் ஒரு சந்தோசம் இருக்க முடியும் என்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மரைக்கார் மீது எனக்குக் கோவம் இல்லை. அவர் இரண்டு குடும்பத்தைக் காப்பாற்ற நினைக்கிறார். ஆனால் பால்காரன் என்ன நினைப்பான் என்று பார்த்து ஒரு மனிசன் தன் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்யத் தொடங்கினால், அதற்கு முடிவு இல்லை. இன்றைக்குக் கடல் பக்கம் பார்க்காதே என்பார்கள். நாளைக்கு மெலியாதே என்பார்கள். நான் சின்ன வயதில் ஓதப்பள்ளியில் குர்ஆனை வலப் பக்கமிருந்து இடப் பக்கம் ஓதப் படித்தேன். இந்த வயதில் தமிழை இடப் பக்கமிருந்து வலப் பக்கம் வாசிக்கப் படிக்கிறேன். ஒரு பக்கம் போனதற்காக மற்றப் பக்கம் என்னோடு கோவிக்கவில்லை. ரோட்டுக்கும் அப்படித்தான் இரண்டு பக்கம். ஒரு பக்கம் மட்டும் போகலாம் என்றால் அதற்குப் பேர் ரோட்டு இல்லை, பள்ளம்.

பாதையின் கடைசித் துண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றிலும் அழகு. வயல் முடிந்து, வீடுகள் நெருங்கி, சந்தியில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் காது அடைக்கும். அங்கே கவனம். சந்தியைத் தாண்டி ஒழுங்கைக்குள் இறங்கினால் முதலில் உப்பு வாசம் வரும். பிறகு சத்தம். பிறகு இரண்டு மதில்களுக்கு நடுவில் ஒரு துண்டு நீலம், ஒரு சேலை அகலத்துக்கு. நீ ஓட ஓட அது விரிந்து விரிந்து, ஒழுங்கை முடியும்போது உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது. நான் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவன், "என்ன காக்கா, கடலக் காணாத ஆள் மாதிரிப் பாக்கிறீங்க?" என்றான். ஓம், காணாத ஆள்தான் என்றேன்.

நான் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் றிஸ்னா என்னோடு தொலைபேசியில் பேசினாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். பலகையில் ஒட்டப்போகிற கடிதத்தில் இதை எழுதலாமா என்று பிறகு அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மாமா, அவருக்கு ஒறைக்கட்டும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

"மாமா, அவர் பின்னேரத்துல முத்தத்தச் சுத்திச் சுத்தி நடக்கிறார். கோழியெல்லாம் பயந்து போய் முட்டை போடுதில்ல. எனக்குப் பாக்க ஏலாது மாமா. ஓடிட்டு வந்தாத்தான் அவர் ஊட்ட மனிசரோட கதைக்கிற, சிரிக்கிற. இப்ப சும்மா சாப்பிட்டுட்டு செவரப் பாத்துட்டு இரிக்கார்."

"உங்கட உம்மா என்ன சொல்றா, மகள்?"

"உம்மாவுக்கு அவர் ஓடுறதுல ஒண்டுமில்ல. தன்ட சோத்தக் குறை சொல்லிப் போடுவாங்களோ எண்டு மட்டும்தான் பயம். மாமா, நான் ஒரு யோசனை வெச்சிரிக்கன். அவர் கடல் பக்கம் ஓடக்குள்ள நான் ஸ்கூட்டியில பின்னாலயே வாறன். பொண்சாதியும் கூட வாறாவே எண்டு பாத்தா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க."

நல்ல பிள்ளை. உனக்காக அவள் அந்த வெயிலில் சைக்கிள் வேகத்தில் ஸ்கூட்டி ஓட்டத் தயார். நான் நன்றி சொன்னேன். ஆனால் வேண்டாம் என்றேன். "நீங்க வந்தா அவன் ஒரு குற்றவாளி மாதிரியும், நீங்க காவல் மாதிரியும் ஆகிடும் மகள். உங்களுக்கு எங்கட ஊட்ட வர ஆசையெண்டா எப்பயும் வாங்க. அவனுக்குச் சாட்சியா வர வேணாம்."

சிரித்தாள். "அப்ப நான் ஊட்ட நல்லா நித்திரை கொள்றன் மாமா."

இதுதான் என் பதில், மகனே. ஓட்டத்தை விடாதே. அவர்கள் பாதையைத் திருப்பி, பந்தல் போட்டு, கடலில் இருந்து குளத்துக்கு ஓடச் சொன்னால், மகிழ்ச்சியாக ஓடு. மாலையை வாங்கிக்கொள். மாமி போடும் சோற்றை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்னு. கால் துண்டு இரண்டையும் தின்னு, ஒன்றையும் வைக்காதே, அதில் அவளுக்கு நீ ஒரு கடன் வைத்திருக்கிறாய். ஆனால் அந்த நிபந்தனைக்குத் தலை ஆட்டாதே. மரைக்கார் கேட்டால், "அத மட்டும் ஏலாது" என்று மரியாதையாகச் சொல். குரலை உயர்த்த வேண்டாம். காரணம் சொல்லவும் வேண்டாம். காரணம் சொன்னால் அவர் அதற்கு ஒரு காரணம் சொல்வார், பிறகு இருவரும் அஸர் வரைக்கும் இருக்க வேண்டி வரும். அவருக்குக் காரணம் வேண்டும் என்றால் சாய்ந்தமருதுக்கு வந்து இந்தப் பலகையை வாசிக்கட்டும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பந்தலும் மாலையும் எல்லாம் முடிந்து ஊர் மறந்த பிறகு, பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு மாமி வீட்டுக்குத் திரும்பிப் போ. மாமி எழும்பி அடுப்படியில் நிற்கும் நேரம் அது. ஒளித்து மறைத்துப் போகாதே. முன்வாசல் படியில், எல்லாரும் காணக்கூடிய இடத்தில் இருந்து சப்பாத்தைக் கட்டு. பிறகு அடுப்படி வாசலில் போய் நின்று, "மாமி, நான் உம்மா ஊட்ட ஓடிட்டு வாறன்" என்று அவள் காது கேட்கச் சொல். அவள் ஏதும் தின்னத் தந்தால் பைக்குள் வைத்துக்கொள். பால்காரன் எதிரே வந்தால், கை மட்டும் காட்டாதே; நின்று ஸலாம் சொல்லி, கடற்கரைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடு. அவன் தொலைபேசி எடுப்பான். எடுக்கட்டும்.

நான் ஒழுங்கை முனையில் வந்து காத்து நிற்க மாட்டேன். தேநீர்க் கடை ஆட்களைக் கூட்டிக் கை தட்டவும் மாட்டேன். ஒரு மகன் தன் உம்மா வீட்டுக்கு ஓடி வருவதற்குக் கூட்டம் எதற்கு? நான் பின்கட்டில் இருந்து வகுப்பு வேலையை எழுதிக்கொண்டிருப்பேன். குடத்தில் தண்ணீர் இருக்கும், அள்ளிக் குடி. உன் உம்மாவிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அவன் வந்தால் ஏன் வந்தாய் என்று கேட்காதே, வழி எப்படி இருந்தது என்று கேள் என்றேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே, தலையை உயர்த்தாமல், "நான் சாப்பிட்டியா எண்டுதான் கேப்பன்" என்றாள். அவளோடு என்னால் ஏலாது.